விலை உயர்ந்த மறுவெளியீட்டுக் கிட்டார்: எது குறை, எது பழைய இயல்பு?

ஆறுகம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடுத்தர விலைக் கிட்டார்களையே வாசித்து வந்த நான், நெடுநாள் சேமிப்பை எடுத்து, 1962இன் ஒரு மாடலை அளவுக்கு அளவு பின்பற்றிச் செய்த மறுவெளியீட்டுக் கிட்டார் ஒன்றைச் சென்ற வாரம் வாங்கினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி இங்கே ஒரு சண்டையைத் தொடங்க விரும்பவில்லை. போல்ட்டால் இணைத்த மேப்பிள் நெக் (கழுத்து), ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு (விரல் பதியும் பலகை), அதன் குறுக்கே 7.25 அங்குல ஆரமுள்ள வளைவு, சிறிய ஃப்ரெட்டுகள் (சுர இடங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டைகள்), கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள், நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு என்று சொன்னாலே உங்களுக்கு விளங்கிவிடும்.

கடையில் அதே மாடலில், அதே விலையில் இரண்டு கிட்டார்கள் இருந்தன. முதலாவதைக் கையில் எடுத்ததுமே விரல்கள் தாமாக ஓடின. மற்றது விறைப்பாக இருந்தது. முதல் ஃப்ரெட்டில், ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு பிடிப்பதற்கே விரல் வலித்தது, ஒலியும் மந்தமாகத் தோன்றியது. அதிகம் யோசிக்காமல் முதலாவதை எடுத்து வந்தேன். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிய பின்னர்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. மெல்லிய இ கம்பியை 14, 15ஆம் ஃப்ரெட்டுகளில் ஒரு முழுச் சுரம் பெண்ட் செய்தால், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை ஏற்றினால், ஒலி பாதியிலேயே செத்துவிடுகிறது. ஜி கம்பி மற்றவற்றைவிட உரக்க ஒலிக்கிறது. அதே ஜி கம்பியின் 6ஆம் ஃப்ரெட்டில் மட்டும் சுரம் மற்ற இடங்களைப்போல் நீடிப்பதில்லை. நெக்கின் பின்புறம் கை வியர்த்தால் ஒட்டுகிறது. நெக்குக்குள் இருந்து அதன் வளைவைத் திருத்தும் டிரஸ் ராடைத் திருக வேண்டுமானால் நெக்கையே கழற்ற வேண்டும் என்கிறார்கள்.

விற்றவரிடம் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "பழைய கிட்டார் அப்படித்தான் இருந்தது, இது அதன் நகல்." இந்தப் பதில் எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்திலிருந்து சாக்கு என்பதே என் கேள்வி. திருப்பிக் கொடுக்க இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.

பட்டறைவாசி எழுதியது:

நண்பரே, உங்கள் பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. குழப்பமே அங்குதான் தொடங்குகிறது. பழுது பார்க்கும் மேசைக்கு வரும் எந்த மறுவெளியீட்டுக் கிட்டாரையும் நான் மூன்று விதமாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். செட்டப்பால், அதாவது கம்பி உயரம் முதலியவற்றைத் திருகிச் சீராக்குவதால், சரியாகக்கூடியது ஒன்று. அந்த வடிவமைப்போடு கூடப் பிறந்தது மற்றொன்று. வேலையில் நேர்ந்த உண்மையான பிழை மூன்றாவது. முதலாவதற்காக ஒரு நல்ல கிட்டாரை ஒதுக்குவதும், மூன்றாவதை "பழைய இயல்பு" என்று நம்பி வைத்துக்கொள்வதும் நான் அடிக்கடி காணும் இரண்டு தவறுகள்.

ஜி கம்பியின் உரப்பு கூடப் பிறந்ததுதான். 1950களில் அந்தக் கிட்டார்களில் ஜி கம்பி சுற்றுக்கம்பியாக இருந்தது. பிக்கப்பிலுள்ள காந்தத் தூண்கள் அந்தக் கம்பிக்கு ஏற்ற உயரங்களில் அமைக்கப்பட்டன. இன்று நாம் மாட்டுவது சுற்றில்லாத வெற்றுக்கம்பி. அது காந்தப் புலத்தில் வலுவாகப் பதிலளிக்கிறது, தூணோ பழைய உயரத்திலேயே நிற்கிறது. தூண் காயிலோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது என்பதால் அதை அழுத்தி இறக்க முயலாதீர்கள், மெல்லிய காயில் கம்பி அறுந்துவிடும். பிக்கப்பைச் சற்றே தாழ்த்தினால் வேறுபாடு ஓரளவு குறையும். அதற்குமேல் வேண்டுமென்றால் சுற்றுக்கம்பி ஜி உள்ள செட்டை மாட்டலாம், ஆனால் அதில் பெண்ட் செய்வது கடினம்.

டிரஸ் ராடின் திருகுமுனை நெக்கின் அடிப்பகுதியில் இருப்பதும் அப்படித்தான். தொல்லைதான், குறை அன்று. நெக் ஒட்டுவது புதிய நைட்ரோ லாக்கரின் சுபாவம். சில மாதம் வாசித்தால் குறையும், அதுவரை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன்: ரப்பர் அல்லது நுரை உறை போட்ட ஸ்டாண்டில் இந்தக் கிட்டாரை நிறுத்தி வைக்காதீர்கள். அந்த ரப்பரில் உள்ள பொருள் நைட்ரோவை இளக்கிவிடும். பின்புறம் உருகி, ஸ்டாண்டின் தடம் அச்சு வைத்தாற்போல் பதிந்து வந்த இரண்டு கிட்டார்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம், அதாவது பெண்ட் செய்யும்போது ஒலி சாவது. 7.25 அங்குலம் என்பது ஏறத்தாழ 184 மி.மீ. ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு. மெல்லிய இ கம்பி ஃபிங்கர்போர்டின் மையத்திலிருந்து 21 மி.மீ. தள்ளி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் பலகை மையத்தைவிட 1.2 மி.மீ. தாழ்ந்திருக்கும். கிப்சன் நிறுவனம் வழக்கமாகப் பயன்படுத்தும் 12 அங்குல வளைவில் இதே தாழ்வு 0.7 மி.மீ. மட்டுமே. கம்பியை மையத்தை நோக்கித் தள்ளும்போது அது மேட்டில் ஏறுகிறது. ஆனால் அதன் மறுமுனையோ, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஓரத்துக்குரிய தாழ்ந்த உயரத்திலேயே நிற்கிறது. எனவே முன்னே இருக்கும் ஃப்ரெட்டுகளில் ஏதாவது ஒன்று கம்பியைத் தொட்டுவிடுகிறது. இதற்கு மருந்து, ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷனைச் சற்று உயர்த்துவதுதான். ஃபெண்டர் நிறுவனம் தன் செட்டப் வழிகாட்டியில் இந்த வளைவுக்கு, 17ஆம் ஃப்ரெட்டில் தடித்த இ கம்பிக்கு 2.0 மி.மீ., மெல்லிய இ கம்பிக்கு 1.6 மி.மீ. என்றும், நெக்கின் நீளவாக்கிலான குழிவு சுமார் 0.3 மி.மீ. என்றும் சொல்கிறது. கடையில் "விரல்கள் தாமாக ஓடின" என்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிறிது ஐயம் வந்தது. இந்த வளைவில் அப்படி ஓட வேண்டுமானால் யாரோ ஆக்‌ஷனை வேண்டுமென்றே தாழ்த்தியிருக்க வேண்டும்.

ஆகவே முதலில் புதுக் கம்பி மாட்டி, சரியான சுருதியில் வைத்து, அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பிறகு பெண்ட் செய்யாமல், 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒவ்வொரு சுரத்தையும் ஒவ்வொரு கம்பியிலும் நிதானமாக வாசியுங்கள். பெண்ட் செய்யும்போது மட்டும் ஒலி சாகிறதென்றால் அது வளைவின் கணக்கு. நேராக வாசிக்கும்போதே உராய்கிறதென்றால், அது வேறு கதை.

இரவுக்கச்சேரி எழுதியது:

பட்டறைவாசி சொல்வதில் பிழை இல்லை. ஆனாலும் மேடையில் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: அளவுகோலைக் கொஞ்சம் தாமதமாக எடுங்கள். ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமல், அரை மணி நேரம், அறையில் வேறு ஓசை இல்லாதபோது வாசித்துப் பாருங்கள். எந்தச் சுரம் மலர்கிறது, எது சுருங்குகிறது என்று காது சொல்லிவிடும். என்னிடம் ஒரு 1959 மாடல் மறுவெளியீடு இருக்கிறது. எந்த அளவில் பார்த்தாலும் குறை சொல்ல முடியாதது, ஆனால் மூன்று ஆண்டுகளாக அதை எடுக்க என் கை நீளுவதே இல்லை. எடை 4.4 கிலோ. இரண்டாவது மணி நேரத்தில் இடது தோள் மரத்துப்போகிறது. விலைச்சீட்டிலோ சான்றிதழிலோ தோளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜி கம்பியின் 6ஆம் ஃப்ரெட் விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். போல்ட் நெக் கிட்டார்களில் 5 முதல் 7ஆம் ஃப்ரெட் வரை எங்காவது இப்படி ஓர் ஊமைச் சுரம் இருப்பது சகஜம். உண்மையான பழைய கிட்டார்களிலும் இருக்கிறது. உங்கள் பாடல்களில் அந்தச் சுரத்தில் நீண்ட நேரம் நிற்கப்போகிறீர்களா என்று மட்டும் யோசியுங்கள்.

பழையதாள் எழுதியது:

"பழைய கிட்டார் அப்படித்தான் இருந்தது" என்ற வாக்கியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சந்தையே அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்தப் பழைய கிட்டார்கள் தங்களுக்குள்ளேயே ஒன்றுபோல் இருக்கவில்லை. 1957இல் கிப்சனின் லெஸ் பால் மாடலில் வந்த, சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1959இல்தான் அது கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அடியில் ஒட்டிய "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது" என்ற சிறு சீட்டே பின்னாளில் அதன் பெயராகிவிட்டது. அந்தப் பிக்கப்புகளில் சுற்றுகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் மாறியது, காந்தத்தின் வகையும் மாறியது. மின்தடை 7 கிலோ ஓமில் ஒன்று, 9 கிலோ ஓமை நெருங்கி ஒன்று என்று இன்றும் அளக்கிறார்கள். நெக்கின் பருமனும் அப்படித்தான்: 1958இல் தடித்துத் தொடங்கி, 1960இல் மெலிந்து முடிந்தது. 1958 முதல் 1960 வரையிலான அந்தச் சன்பர்ஸ்ட் கிட்டார்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். அவற்றில் எதை முன்னால் வைத்து இன்றைய 1959 நகல்களைச் செய்தார்கள்? இதைக் கேட்காமல் "1959 போலவே" என்று சொல்வதில் பொருள் இல்லை. யாரோ ஒருவர் நல்லதொரு கிட்டாரைத் தேர்ந்தெடுத்து அளந்திருப்பார். அல்லது பலவற்றின் சராசரியை எடுத்திருப்பார். இரண்டுமே நகல்தான். ஆனால் இரண்டும் கைக்கு ஒன்றுபோல் இருக்காது.

பழையதை அப்படியே பின்பற்றும் விசுவாசத்துக்கும் வாசிக்கும் வசதிக்கும் ஒரே விலையில் பணம் வாங்குகிறார்கள் என்பதுதான் என் குறை. நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கணிசமான பகுதி முதல் கணக்குக்குத்தான் போகிறது: மெல்லிய நைட்ரோ பூச்சு, விலங்குத் தோல் பசை, நீண்ட நெக் இணைப்பு, பழைய அச்சில் வார்த்த பிளாஸ்டிக், செயற்கையாகத் தேய்த்துப் பழமையாக்கும் கைவேலை. பழையபடியே செய்ய முடியாதவையும் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. அதனால் இன்றைய நகல்களில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம்தான் வருகிறது. வாசிப்பவனுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. பழைய மின்தேக்கியின் உறையைப் போலவே அச்சு வார்த்து, அதற்குள் இன்றைய சாதாரண மின்தேக்கியை ஒளித்து வைத்த நகல்களும் விற்பனைக்கு வந்ததுண்டு. அதைத் திறந்து பார்த்துக் கோபப்பட்டவர்கள் காதால் கேட்டுக் கோபப்படவில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விசுவாசம் கூடக்கூட வசதி குறையும் இடங்கள் இருக்கின்றன. 1950களின் ஃபெண்டர் டெலிகாஸ்டரில், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில்கள் ஆறு கம்பிகளுக்கு மூன்றே. இரண்டு கம்பிகளுக்குப் பொதுவாக ஒரு நீளத்தைத்தான் வைக்க முடியும், எனவே சுருதித் திருத்தம் எப்போதும் ஒரு சமரசமே. பழைய லெஸ் பாலில் ஹெட்ஸ்டாக், அதாவது சுருதி ஆணிகள் உள்ள தலைப்பகுதி, 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். டி, ஜி கம்பிகள், நெக்கின் மேல்முனையில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டிலும் விலகிப் போகும். நட்டின் பள்ளம் சரியாக அறுக்கப்படாவிட்டால் கம்பி அதில் சிக்கும். சுருதி கூட்டும்போது ஒன்றும் நடக்காமல் இருந்து, திடீரென்று "டிங்" என்று ஒரு சிற்றொலி கேட்டு, சுரம் ஒரேயடியாக மேலே தாவும். கவனியுங்கள்: சாய்வு பழைய இயல்பு, ஆனால் சிக்குவது நட்டை அறுத்தவரின் அவசரம். 1959இலும் நல்ல கையால் அறுத்த நட்டில் கம்பி வழுக்கிக்கொண்டுதான் போயிருக்கும். உங்கள் விற்பனையாளர் இந்த இரண்டையும் ஒன்றாக்குகிறார்.

பட்டறைவாசி எழுதியது:

பழையதாள் அவர்களின் கடைசி உதாரணத்தை நான் அப்படியே கடன் வாங்கிக்கொள்கிறேன். இரவுக்கச்சேரிக்கு மட்டும் ஒரு சிறு மறுப்பு. இணைக்காமல் வாசித்துப் பார்ப்பது ஊமைச் சுரத்தைக் கண்டுபிடிக்க நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடியில் வைத்த உடல் எவ்வளவு அதிர்கிறதோ அவ்வளவு தரம் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. உடலிலும் நெக்கிலும் உணரும் அதிர்வு கம்பியிலிருந்து போன ஆற்றல்தான். ஊமைச் சுரம் என்பதே, நெக்கின் இயற்கை அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய், கம்பியின் ஆற்றலை நெக் விழுங்கிவிடுவதால் வருவது. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறு கிளாம்பை மாட்டி அதே 6ஆம் ஃப்ரெட்டை வாசித்துப் பாருங்கள். எடை கூடியதால் அந்த ஊமை இடம் அரை ஃப்ரெட்டோ ஒரு ஃப்ரெட்டோ நகரும். நகர்ந்தால் அது நெக்கின் குணம். நகராமல் அதே ஃப்ரெட்டில் நின்றால், ஃப்ரெட் சரியாக உட்காரவில்லையா என்று பார்க்க வேண்டும்.

ஆறுகம்பி எழுதியது:

நேற்று இரவு முழுவதும் இதுதான் வேலை. ஒரு கிட்டாரை வாசிக்காமல் இத்தனை நேரம் மடியில் வைத்திருந்தது இதுவே முதல் முறை.

புதிதாக 10 கேஜ் கம்பிகள் மாட்டி அளந்தேன். 17ஆம் ஃப்ரெட்டில் தடித்த இ கம்பி 1.6 மி.மீ., மெல்லிய இ கம்பி 1.2 மி.மீ. ஆக, தாழ்த்தித்தான் வைத்திருக்கிறார்கள். சேடில்களைத் திருகி 2.0, 1.6 என்று உயர்த்தினேன். பெண்ட் செய்யும்போது ஒலி சாவது பாதிக்குமேல் குறைந்தது. ஆனால் பட்டறைவாசி சொன்ன அந்த "வேறு கதை" போகாமல் எஞ்சி நின்றது: மெல்லிய இ, பி கம்பிகளில் 13 முதல் 16ஆம் ஃப்ரெட் வரை, பெண்ட் செய்யாமல் நேராக வாசித்தாலும், சுரத்தோடு ஒரு மெல்லிய உலோக உராய்வு கேட்கிறது. ஆம்ப்ளிஃபையரில் அது இரைச்சலாகக் கேட்கவில்லை. சுரம் சீக்கிரம் முடிந்துவிடுவதுபோல் மட்டும் தெரிகிறது. 12ஆம் ஃப்ரெட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

கிளாம்ப் சோதனையையும் செய்தேன். ஊமை இடம் 6இலிருந்து 5ஐ நோக்கி நகர்ந்தது, ஆகவே அது நெக்கின் குணம் என்று எடுத்துக்கொள்கிறேன். உராய்வைப் பற்றி என்ன செய்வது? டிரஸ் ராடைத் திருகினால் போகுமா? நெக்கைக் கழற்றினால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பட்டறைவாசி எழுதியது:

கழற்றாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் வரை ஒரு திருகையும் தொட வேண்டாம். டிரஸ் ராடாலும் இது போகாது. அது நெக்கின் நடுப்பகுதியைத்தான் வளைக்கவோ நிமிர்த்தவோ செய்யும். உடலோடு போல்ட் செய்யப்பட்டிருக்கும் கடைசி ஆறேழு ஃப்ரெட்டுகளின் மேல் அதற்கு அநேகமாக அதிகாரம் இல்லை.

ஒரு கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இழுத்துக் கட்டிய கம்பியைவிட நேரான அளவுகோல் உங்கள் வீட்டில் இருக்காது. மெல்லிய இ கம்பியை 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஒரு விரலாலும் கடைசி ஃப்ரெட்டின் மேல் மற்றொரு விரலாலும் அழுத்துங்கள். இடையில், 15, 16, 17ஆம் ஃப்ரெட்டுகளின் தலையைக் கம்பி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் உதவிக்கு இருந்தால், ஒரு தாள் கீற்றை அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண எழுதும் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். தாள் தாராளமாக நுழைந்து வெளியே வந்தால், பலகையின் கடைசிப் பகுதி மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது என்று பொருள். நாங்கள் இதைப் பனிச்சறுக்கு மேடை என்போம், வடிவம் அப்படியே இருக்கும். அதே சோதனையை பி, ஜி, தடித்த இ கம்பிகளிலும் செய்து, எந்தப் பக்கம் அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இது 1962இன் இயல்பு அன்று. மரம் நன்றாக உலராமல் இருந்தாலும், நெக் பொருந்தும் குழியில் ஒரு ஓரத்தில் மட்டும் சிறு துண்டை வைத்து, அதன்மேல் போல்ட்டை இறுக்கினாலும் இப்படி ஆகும். எந்தக் காலத்துக் கிட்டாருக்கும் நேரலாம். கடைசி ஃப்ரெட்டுகளை அராவிச் சமப்படுத்தினால் சரியாகிவிடும், நானே வாரத்துக்கு ஒன்று செய்கிறேன். ஆனால் உங்களுடையது பழைய அளவுச் சிறிய ஃப்ரெட். புதிதாக இருக்கும்போதே அதன் உயரம் 1.1 மி.மீ. அளவுதான். அதில் 0.2 மி.மீ. அராவினால் மிச்சம் என்ன இருக்கும்? பெண்ட் செய்யும்போது விரல் மரத்தில்தான் தேயும், அடுத்த தேய்மானத்துக்கு அராவ இடமும் இருக்காது. உயரமான ஃப்ரெட் உள்ள இன்றைய கிட்டாரில் மன்னித்துவிடக்கூடிய பிழையை இந்த வகையில் மன்னிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

திருப்பிக் கொடுக்கப் போகும்போது, நீங்கள் ஒதுக்கிவிட்டு வந்த மற்றொரு கிட்டார் இன்னும் அங்கே இருந்தால், அதிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முதல் ஃப்ரெட்டில் விரல் வலித்தது என்று எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் நட்டுப் பள்ளம் ஆழம் போதாததன் அடையாளம். 2ஆம், 3ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும், விரலால் தட்டினால் மட்டும் தெரியும் அளவுக்கு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் பள்ளத்தை இன்னும் அராவ வேண்டும். உரிய அரம் வைத்திருப்பவருக்கு அது சிறு வேலை.

இரவுக்கச்சேரி எழுதியது:

தாள் சோதனையை என் தோள் ஒடிக்கும் கிட்டாரில் செய்து பார்த்தேன். எந்தக் கம்பியிலும் தாள் நுழையவில்லை. விற்பதற்கு விளம்பரம் எழுதும்போது இந்த வரியைச் சேர்த்துக்கொள்வேன்.

ஆறுகம்பி, மாற்றப் போகும்போது எடையையும் பாருங்கள். நின்றுகொண்டு, பட்டையை மாட்டி, உங்கள் வழக்கமான உயரத்தில் வைத்து வாசியுங்கள். கடைகளில் எல்லோரும் உட்கார்ந்தே வாசித்துவிட்டு வாங்கி வருகிறோம்.

ஆறுகம்பி எழுதியது:

மெல்லிய இ கம்பியிலும் பி கம்பியிலும் தாள் தடையில்லாமல் உள்ளே போய் வந்தது. இரண்டாக மடித்துப் பார்த்தேன், அப்போதும் நுழைந்தது. தடித்த இ கம்பியில் நுழையவில்லை. ஆக, மெல்லிய கம்பிகளின் பக்கம்தான் தூக்கியிருக்கிறது.

கிட்டாரோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். விற்றவர் மறுபடியும் 1962 என்று தொடங்கினார். நான் எதுவும் வாதிடாமல் தாளை நுழைத்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய் மற்ற கிட்டாரை அவரே எடுத்து வந்தார். அதில் ஒற்றைத் தாளும் நுழையவில்லை. நட்டில் பட்டறைவாசி சொன்ன சோதனையைச் செய்தால், முதல் ஃப்ரெட்டுக்கு மேலே மயிரிழைக்குப் பதிலாக ஒரு விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. கம்பிகளும் மாதக்கணக்கில் மாற்றப்படாமல் கறுத்துப்போயிருந்தன. மந்தமான ஒலிக்குக் காரணம் அதுதான் போலும். பட்டையை மாட்டி நின்று வாசித்தேன், 3.4 கிலோ, தோளுக்குத் தெரியவில்லை.

அதையே மாற்றி வாங்கி, வழியில் நட்டைச் சரிசெய்யக் கொடுத்து, புதுக் கம்பியோடு இன்று மாலை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஆக்‌ஷன் 2.0, 1.6. 15ஆம் ஃப்ரெட்டில் முழுச் சுரம் பெண்ட் நிற்கிறது. அதற்குமேல் தள்ளினால் சாகிறது, அது வளைவின் கணக்கு என்று இப்போது எனக்குத் தெரியும். இதிலும் ஓர் ஊமைச் சுரம் இருக்கிறது, ஜி கம்பியின் 7ஆம் ஃப்ரெட்டில். ஜி கம்பி முன்னதைப் போலவே உரக்க ஒலிக்கிறது. பிக்கப்பை அரைத் திருகு இறக்கிவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டேன்.